மீதியும் ஈவும்: தாது வருஷத்தை எண்ணுவது யார்?

1

பத்து வரிகூட வராத ஒரு நிரல் துண்டிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கணினியில் வேலை செய்கிறவர்கள் பலரும் ஏதோவொரு நாள் இதை எழுதியிருப்பார்கள். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை ஒரு வரம்புக்குள் மடக்கித் தருவதுதான் அதன் வேலை. கடிகாரத்தில் 12-க்குப் பிறகு 13 இல்லை, 1 வருகிறது. வாரத்தில் எட்டாவது நாள் கிடையாது, மறுபடி ஞாயிறு. வட்டத்தில் 370 பாகை என்றால் 10 பாகைதான். வரம்பைத் தாண்டிய எண்ணை மறுபடி உள்ளே இழுத்துவிடு, அவ்வளவே. பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால் இது வகுத்தல். வகுத்தலில் ஈவு ஒன்று வரும், மீதி ஒன்று வரும். இந்த நிரல் மீதியை வைத்துக்கொண்டு ஈவை எறிந்துவிடுகிறது.

சரி, இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். எறியப்படுகிற ஈவில் இருக்கிறது. மீதி யார் கையில், ஈவு யார் கையில் என்று கேட்கத் தொடங்கினால் கணக்கு அரசியலாகிவிடுகிறது.

ஏற்காட்டுக்கு வந்துபோகிற பயணிகளுக்குக் கரடியூர் ஒரு காட்சிமுனை. நின்று பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். காட்சிமுனைக்குப் பின்னால் ஊர் இருக்கிறது, காப்பித் தோட்டம் இருக்கிறது, காடு இருக்கிறது. சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு அரசுப் பட்டியலில் மலையாளி என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ். கரடியூர், நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று இந்தப் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் சொல்வதை எழுதிவைக்கிற வேலையில் நானும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எப்போது என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எங்கப்பா பொறந்தது தாது வருஷம், ஆடிப் பெருக்குக்கு மறுநா." ஆங்கில வருஷம் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். "அது உங்க கணக்கு."

'உங்க கணக்கு', 'எங்க கணக்கு' என்ற இந்தப் பிரிவினையை நாம் வழக்கமாக எப்படிப் புரிந்துகொள்கிறோம்? அவர்களுடையது கணக்கே அல்ல, வெறும் நினைவு, நம்முடையது வரலாறு. இந்தப் புரிதல் தவறு என்பதுதான் என் வாதம். இரண்டும் ஒரே வகுத்தலின் இரண்டு விடைகள்.

2

தமிழ் வருஷம் அறுபது. பிரபவ முதல், அட்சய கடைசி. கடைசியாகப் பிரபவ தொடங்கியது 1987 சித்திரையில்; அடுத்தது 2047-இல். இதற்கு நிரல் எழுதுவது சுலபம். ஆங்கில வருஷத்திலிருந்து 1987-ஐக் கழி, 60-ஆல் வகு, மீதியோடு ஒன்றைக் கூட்டு, அந்த எண்ணுக்குரிய பெயரைப் பட்டியலில் எடு. 2024 சித்திரைக்கு மீதி 37. முப்பத்தெட்டாவது பெயர் குரோதி. கணக்கு சுத்தம்.

இப்போது பின்னால் போவோம். 1876-ஐக் கொடுத்தால் 1987-ஐக் கழித்து மைனஸ் 111 கிடைக்கிறது. இதை 60-ஆல் வகுத்தால் மீதி என்ன? கணிதக்காரர்கள் 9 என்பார்கள்: மைனஸ் 120-ஓடு 9-ஐக் கூட்டினால் மைனஸ் 111. ஒன்றைக் கூட்டினால் பத்து, பத்தாவது பெயர் தாது. சரியான விடை. பைதான் மொழியும் 9 என்றே சொல்கிறது. ஆனால் சி மொழியில் கேட்டால் மைனஸ் 51 என்கிறது. 1989-இல் வந்த சி மொழித் தரம் எதிர்மறை எண்களுக்கு ஈவை எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை அந்தந்த எந்திரத்தின் இஷ்டத்துக்கு விட்டிருந்தது. 1999-ஆம் வருஷத் தரம் பூஜ்யத்தை நோக்கி வெட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. மைனஸ் 51-வது பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. அதனால் அனுபவசாலிகள் கிடைத்த மீதியோடு 60-ஐக் கூட்டி மறுபடி ஒருமுறை வகுத்து மீதி எடுப்பார்கள். மைனஸ் 51-ஓடு 60, ஒன்பது. தாது திரும்பக் கிடைத்துவிடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்னோக்கிப் போகிறவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. யாரோ வைத்த தொடக்கப் புள்ளிக்குப் பின்னால் போகிறவனுக்குத்தான் எந்திரம் முரண்டு பிடிக்கிறது. மலைமேல் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பழகிப்போன அனுபவம். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டைப் பற்றிய எந்தக் கையேட்டைத் திறந்தாலும் வரலாறு அங்கேதான் ஒன்று, இரண்டு என்று தொடங்கும். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் பட்டியலில் இல்லாத மைனஸ் எண்.

மேலே 1876-ஐச் சும்மா எடுக்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. மறுவருஷம் தென்மேற்குப் பருவமும் ஏமாற்றியது. அரசு ஆவணங்களில் அது 1876–78 பெரும்பஞ்சம். ஜனங்களுக்கு அது தாது வருஷப் பஞ்சம். 1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவிக்கத் தர்பார் நடந்தபோது சென்னை மாகாணத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். சேலம் ஜில்லாவில் 1871-இல் 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1881-இல் 16 லட்சம் அளவுக்கு இறங்கியது. பத்து வருஷத்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல் குறைவு. பிறந்திருக்க வேண்டியவர்களையும் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது.

பஞ்சம் அடுத்த வருஷமான ஈஸ்வரவிலும் தொடர்ந்தது. ஆனால் பெயர் தாதுவிலேயே உறைந்துவிட்டது. அந்தப் பெயர் 1936-இல் திரும்பி வந்தது, 1996-இல் மறுபடி வந்தது, 2056-இல் இன்னொரு முறை வரும். 'தாது' என்று மட்டும் சொன்னால் எந்தத் தாது? இங்கேதான் ஈவு தேவைப்படுகிறது.

உயிரோடு இருக்கிறவர்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியே எழாது. 'நான் தாதுவில் பிறந்தவன்' என்று ஒருவர் சொன்னால் 1936-ஆ 1996-ஆ என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஈவு முகத்தில் எழுதியிருக்கிறது. செத்துப்போனவர்கள் விஷயத்தில் ஈவு உறவுப் பெயரில் இருக்கிறது. 'அப்பா காலத்துத் தாது', 'பூட்டன் காலத்துத் தாது'. அப்பா, தாத்தா, பூட்டன், ஓட்டன் என்று பின்னால் போகிற வரிசை மரியாதை வார்த்தை மட்டும் அல்ல, எண்ணிக்கை. ஒரு படிக்கு இத்தனை வருஷம் என்ற திட்டவட்டம் இல்லாத, ஆனால் ஒருபோதும் மடங்காத எண்ணிக்கை. ஆக, வருஷப் பெயர் மீதி, உறவுப் பெயர் ஈவு. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற வழக்கம் ஜனங்களிடம் இருக்கிறது. எழுதிக்கொள்கிறவன்தான் ஒன்றை விட்டுவிடுகிறான்.

3

இந்த வட்டக் கணக்கைப் பற்றி இரண்டு கதையாடல்கள் நம்மிடையே புழங்குகின்றன. ஒன்று காலனியம் தந்தது. ஜேம்ஸ் மில் 1817-இல் இந்திய வரலாற்றை எழுதினார், இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்துக்களிடம் வரலாற்றுப் பதிவே கிடையாது என்பது அவர் முடிவு. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இதைச் சுருக்கி, கீழை மனம் காலத்தை வட்டமாகப் பார்க்கிறது, மேலை மனம் நேர்கோடாகப் பார்க்கிறது என்று ஒரு சூத்திரமாக்கினார்கள். இரண்டாவது கதையாடல் நம்மவர்களுடையது. மில் இகழ்ந்ததையே இவர்கள் புகழ்ந்தார்கள். ஆமாம், எங்கள் காலம் வட்டம்தான், அதுதான் ஆன்மிகம், உங்கள் நேர்கோடு வெறும் வியாபாரம் என்றார்கள். தலைகீழாக நிறுத்தினாலும் பொம்மை அதே பொம்மைதான்.

வட்டக் கணக்கு மனோபாவம் அல்ல, சிக்கனம். பெரிய எண்ணைச் சுமக்காமல் வேலையை முடிக்கும் வழி. கடிகாரம் பன்னிரண்டோடு நிற்பதால் ஐரோப்பியனுக்குக் காலம் வட்டம் என்று யாரும் தத்துவம் எழுதவில்லை.

அறுபதின் சரித்திரமே இதைக் காட்டுகிறது. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு ஏறக்குறைய 30. இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர 60. முதலில் இது வியாழனின் நடையை ஒட்டிய கணக்கு. வியாழ வருஷம் சூரிய வருஷத்தைவிட நாலு நாள் போலக் குறைவு. அதனால் ஏறத்தாழ 85 வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தள்ளிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவ வேண்டும். வடக்கே அந்த வழக்கம் தொடர்ந்தது. தெற்கே அதைக் கைவிட்டார்கள். வியாழனோடு இருந்த உறவை அறுத்துவிட்டு, அறுபது பெயரை வெறும் எண்ணாக, சூரிய வருஷத்துக்கு ஒன்று என்று ஓட்டினார்கள். அதனால்தான் இன்று வடக்கு வருஷப் பெயரும் தெற்கு வருஷப் பெயரும் பொருந்துவதில்லை. தெற்கில் நடந்தது வானத்திலிருந்து கணக்கை விடுவித்த ஒரு காரியம். அதை ஆன்மிகம் என்று அழைக்க எந்த நியாயமும் இல்லை.

அறுபது பெயர்களும் சமஸ்கிருதம் என்பதும், அவற்றின் பிறப்புக்குச் சொல்லப்படுகிற நாரதர் கதை ஆபாசம் என்பதும் சுயமரியாதைக்காரர்கள் நெடுங்காலமாக வைத்த விமர்சனம். அதில் எனக்கு மறுப்பில்லை. தமிழ்நாட்டில் புழங்குகிற திருவள்ளுவர் ஆண்டு, ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டுவது, உண்மையில் ஈவைத் திரும்பப் பெறுகிற ஒரு முயற்சி. மடங்காத எண்ணிக்கை ஒன்று நமக்கென்று வேண்டும் என்ற விருப்பம் அதில் இருந்தது. ஆனால் அது அரசாணைகளின் தலைப்பில் நின்றுகொண்டது. காட்டோரத்துக் கிழவியின் வாய்க்கு வந்து சேரவில்லை. 2008-இல் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011-இல் ஆட்சி மாறியதும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. தையா சித்திரையா என்று இரண்டு தரப்பும் மோதிக்கொண்டது வட்டத்தில் எந்தப் புள்ளியில் தொடங்குவது என்பதைப் பற்றி. அந்த வட்டத்தை எத்தனை முறை சுற்றியிருக்கிறோம் என்ற எண்ணிக்கை யார் கையில் இருக்கிறது என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

4

அந்த எண்ணிக்கை தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் யார் கையில் இருந்தது என்பதற்குத் தடயம் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்கு வந்தார். 1769 ஜூன் மாதம், கடக்கிற நாளில் மேகம் மூடிக்கொண்டது. அங்கே இருந்த காலத்தில் அவர் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் கிரகணம் கணிக்கிற முறையைக் கற்றுக்கொண்டு எழுதினார். பிறகு 1825-இல் ஜான் வாரன் 'கால சங்கலிதம்' என்ற பெரிய புத்தகத்தைச் சென்னையில் வெளியிட்டார். அந்த வருஷம் வந்த சந்திர கிரகணத்தைத் தமிழ்க் கணக்காளர் ஒருவர் எழுத்தாணி இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கபாவர் 1952-இல் இந்த முறையைத் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார்.

சோழி வைத்தவர் செய்தது என்ன? கலியுகம் தொடங்கியதிலிருந்து கழிந்த நாட்களை எடுக்கிறார். பதினெட்டு லட்சம் என்கிற அளவில் வரும் எண். அதிலிருந்து முதலில் 16,00,984-ஐக் கழிக்கிறார். மிச்சத்தை 12,372-ஆல் வகுக்கிறார். அதன் மீதியை 3,031-ஆல். அதன் மீதியை 248-ஆல். கடைசியில் 248-க்குள் அடங்கிய ஒரு மீதி கிடைக்கும். சந்திரன் நின்ற இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களில் அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தை மனப்பாடத்திலிருந்து எடுக்கிறார். இந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. சந்திரன் பூமிக்கு அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர 27½ நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகும். அப்படி 9 சுற்று 248 நாள், 110 சுற்று 3,031 நாள், 449 சுற்று 12,372 நாள். முன்பு சொன்ன நிரல் துண்டும் இதுவும் ஒன்றே, பல நூறு வருஷம் மூத்தது என்பதைத் தவிர.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, என் வாதத்துக்கு அது முக்கியம். சோழிக்காரர் ஈவை எறியவில்லை. 248-ஆல் வகுத்து வந்த ஈவு எத்தனையோ அத்தனை 27 பாகை 44 கலை 6 விகலையைப் பெருக்கித் தனியாக வைக்கிறார். 3,031-க்கும் 12,372-க்கும் அப்படியே அதற்கதற்குரிய திருத்தம். எல்லாவற்றையும் கடைசியில் வாக்கியத்தின் மதிப்போடு கூட்டினால்தான் சந்திரன் கிடைக்கும். சுற்று முடிந்தாலும் சந்திரன் பழைய நட்சத்திரத்துக்கே திரும்புவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளிப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வட்டமாகக் கணக்கிட்டவர்கள் வட்டத்தை நம்பி ஏமாறவில்லை.

அந்தக் கணக்காளருக்கு வானியல் கோட்பாட்டில் ஒரு வார்த்தையும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் உண்டு என்கிற மாதிரி வாரன் எழுதினார். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் கணக்குப் போடுகிறவனுக்கு அறிவில்லை: இது அதிகாரத்தின் பழைய வாய்பாடு. இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஈவு பஞ்சாங்கக் குடும்பங்களின் கையில் இருந்தது; ஊர் ஜனங்களுக்கு மீதியே வந்து சேர்ந்தது. இன்ன வருஷம், இன்ன திதி, இன்ன நட்சத்திரம், நல்ல நேரம், கெட்ட நேரம். கணக்கின் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை மட்டும் விநியோகிப்பது அதிகாரம் செயல்படுகிற ஒரு முறை. சாதி இங்கே வகுத்தல் கணக்காகவும் இருந்திருக்கிறது.

5

மீதியிலிருந்து ஈவைத் திரும்ப எடுக்க முடியுமா? ஒரே ஒரு மீதியை வைத்துக்கொண்டு முடியாது. பல மீதிகள் இருந்தால் முடியும். 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபடரின் குட்டகம் என்கிற முறையே இதற்குத்தான்: ஓர் எண்ணை இதனால் வகுத்தால் இவ்வளவு மீதி, அதனால் வகுத்தால் அவ்வளவு மீதி, மூல எண் எது?

தமிழ்நாட்டு வரலாற்றாய்வு இந்தத் தந்திரத்தின் மேல்தான் நிற்கிறது என்றால் மிகையில்லை. சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் தொடர் ஆண்டு கிடையாது. அரசன் பட்டத்துக்கு வந்த வருஷத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அடுத்தவன் வந்தால் மறுபடி ஒன்று. பெயரும் மடங்குகிறது: ஒருவன் ராசகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி, அதற்கடுத்தவன் மறுபடி ராசகேசரி. இரண்டோடு மடங்குகிற வட்டம். பாண்டியர்களில் சடையவர்மன், மாறவர்மன். பிற்காலப் பாண்டியரில் ஒரே பெயரில் எத்தனை பேர் என்பதே ஒரு பெரிய தகராறு. 'கோப்பரகேசரிக்கு யாண்டு ஏழு' என்று மட்டும் இருந்தால் அந்தக் கல்வெட்டு எந்த நூற்றாண்டு?

கீல்ஹார்ன், ராபர்ட் சீவெல், அவர்களுக்குப் பின் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இந்தச் சிக்கலை அவிழ்த்தது பல மீதிகளைச் சேர்த்து. கல்லில் கிழமை இருக்கும், அது ஏழில் மீதி. நட்சத்திரம் இருக்கும், அது இருபத்தேழில். திதி முப்பதில். மாதம் பன்னிரண்டில். இவை எல்லாம் ஒத்துவருகிற நாள் பல நூற்றாண்டுகளில் சிலதான் கிடைக்கும். அரசர் வரிசையோடு பொருத்தினால் ஒன்று மிஞ்சும். சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911-இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய புத்தகத்தையும் 1922-இல் பல தொகுதிகளாக நாள்காட்டி அட்டவணைகளையும் வெளியிட்டார். சென்னைச் சட்டமன்றத் தலைவராக இருந்து 1925-இல் இறந்தார். இன்று நாம் ஒப்பிக்கிற பாண்டிய ராஜாக்களின் ஆண்டுகளில் பல அவர் போட்ட கணக்கின் வழி வந்தவை. கல்வெட்டில் கிழமையும் திதியும் பொருந்தவில்லை என்றால் இந்த அறிஞர்கள் கல்வெட்டைத் தூக்கி எறியவில்லை. எழுத்து வெட்டியவன் கை தவறியிருக்கும் என்று பெருந்தன்மையோடு திருத்திப் படித்தார்கள்.

இந்தப் பெருந்தன்மையைத்தான் நான் மலைமேல் கேட்கிறேன். 'தாது வருஷம், ஆடிப் பெருக்கு, அன்னிக்கு வெள்ளிக்கிழமை' என்று ஒரு பெரியவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபதில் ஒரு மீதி, மாதத் தேதி ஒன்று (ஆடி 18), ஏழில் ஒரு மீதி. அறுபது சூரிய வருஷத்துக்கு 21,915½ நாள். அதை 7-ஆல் வகுத்தால் ஐந்தரை மிஞ்சும். அதாவது அதே தேதி அடுத்த தாதுவில் ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளி விழும். அதற்கடுத்ததில் நாலு அல்லது ஐந்து, பிறகு இரண்டு அல்லது மூன்று, பிறகு ஒன்று அல்லது இரண்டு. வருஷப் பெயரும் தேதியும் கிழமையும் ஒருசேரத் திரும்பி வருவது 240 வருஷம் வரை நடக்காது. முந்நூறாவது வருஷத்தில்தான் அதற்கு வாய்ப்பே உண்டு. கிழமை ஞாபகத்தில் இருந்தால் போதும், நூற்றாண்டு தானாக வந்துவிடும். அந்த வாக்குமூலம் மங்கலானது இல்லை, கல்வெட்டு அளவுக்குத் துல்லியமானது. அதைக் கேட்டு 'வயது சுமார் 70' என்று எழுதுகிற பேனாதான் மங்கல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதுகள் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற எண்களில் குவிந்துகிடப்பதை அத்துறைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்தக் குவியலில் கேட்டவனின் அவசரத்துக்கும் பங்கு உண்டு.

6

இது வெறும் ஆராய்ச்சி விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2007 டிசம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மற்ற மரபுவழி வனவாசிகள் என்றால் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை. தலைமுறை என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது: 25 வருஷம். ஆக 75 வருஷம்.

இந்த எழுபத்தைந்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது அறுபதைவிடப் பெரிது. 2005 டிசம்பரிலிருந்து 75 வருஷம் பின்னால் போனால் 1930 டிசம்பர், பிரமோதூத வருஷம், கார்த்திகைக் கடைசி. 'பிரமோதூதவில் எங்கள் ஆட்கள் இங்கே இருந்தார்கள்' என்று ஒருவர் சொன்னால், எந்தப் பிரமோதூத, 1930-ஆ 1990-ஆ என்று எதிராளி கேட்கலாம். சட்டம் கேட்கிற வீச்சு ஜனங்களின் வட்டத்தைத் தாண்டி நிற்கிறது. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு என்ன? ஈவு யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் போய் நிற்க வேண்டும். ஈவு தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கிறது, வனத்துறைக் கோப்பில் இருக்கிறது. அதாவது, யாருக்கு எதிராக உரிமை கோருகிறோமோ அவர்களுடைய அலமாரியில். 1930-இல் பத்து வயதாக இருந்தவருக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 87 வயது. சாட்சி சொல்ல எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

சட்ட விதியிலேயே ஒரு சன்னல் திறந்திருக்கிறது. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, அரசு ஆவணங்கள் இவற்றோடு, உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்றுதான் என்று விதி 13 சொல்கிறது. இந்தச் சன்னலை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. வாக்குமூலம் எழுதுகிற தோழர்கள் பெரியவர் சொன்ன வருஷப் பெயரை அவசரமாக ஆங்கில வருஷமாக மாற்றி, கிழமையையும் திருவிழாவையும் 'யார் காலத்தில்' என்பதையும் தேவையில்லாத பேச்சு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தேவையில்லாத பேச்சில்தான் மற்ற மீதிகள் இருக்கின்றன. அந்த வருஷம் எது காய்ச்சது, எது கருகியது, யார் வீட்டில் சாவு, சேர்வராயன் கோயில் திருவிழா எந்தக் கிழமையில் முடிந்தது, இவை ஒவ்வொன்றும் ஒரு வகுத்தலின் மிச்சம். எல்லாம் சேர்ந்தால் எண் வெளியே வரும்.

மலையாளிகளின் பூர்வீகக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து, முஸ்லிம் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில், பத்துத் தலைமுறைக்கு முன்னால் மலையேறினோம் என்று அவர்கள் சொன்னதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் காணலாம். இனவரைவியல் அதைத் தொன்மம் என்ற பெட்டியில் போட்டு மூடியது. அரசின் அளவுகோலையே வைத்துப் பார்ப்போம். பத்துத் தலைமுறை, இருபத்தைந்து வீதம் 250 வருஷம். 1909-இலிருந்து கழித்தால் 1659. பீஜப்பூர், கோல்கொண்டாப் படைகள் தமிழ்நாட்டின் வடபகுதிக்கு வந்தது 1640-களில். இதனால் கதை நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பத்து என்பது சும்மா ஒரு முழு எண்ணாகவும் இருக்கலாம். ஆனால் அதில் ஓர் ஈவும் இருக்கிறது, ஒரு சம்பவமும் இருக்கிறது. சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று அது. ராஜாவின் கல்லில் இருந்திருந்தால் சோதித்திருப்பார்கள்.

எந்திரங்கள் ஈவை இழந்தபோது உலகம் என்ன செய்தது என்பதையும் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி, நூறில் மீதியை மட்டும் வைத்திருந்த கணினிகளுக்காக 2000 பிறப்பதற்கு முன்னால் அரசுகளும் வங்கிகளும் கோடிக்கணக்கான டாலர் செலவு செய்தன. தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அந்த வேலைக்கு விமானம் ஏறினார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் வார எண் 1,024-இல் மடங்குவது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பியபோது இந்தப் பூஜ்யம் எத்தனையாவது பூஜ்யம் என்று கருவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வினாடிகளை 32 இரும இலக்கத்தில் எண்ணுகிற பழைய எந்திரங்களுக்கு 2038 ஜனவரி 19-இல் இதே கதி வரும், அதற்கும் இப்போதே வேலை நடக்கிறது. எந்திரம் 'பூஜ்யம் பூஜ்யம்' என்று சொன்னால், அதற்கு விவரம் போதாது, நாம் உதவ வேண்டும் என்கிறார்கள். காட்டில் வாழ்கிறவர் 'தாது' என்று சொன்னால், ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடுகிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. எழுத்தாளர்களும் களத்தில் இருக்கிற தோழர்களும் வாக்குமூலம் எழுதும்போது சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே முதலில் எழுதுங்கள். வருஷப் பெயர், மாதம், தேதி, கிழமை, திருவிழா, மழை, யார் காலம், எல்லாவற்றையும். ஆங்கில வருஷத்தைப் பக்கத்தில் தனியாக, எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்பதோடு குறியுங்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அடிக்காதீர்கள். பொருந்தவில்லை என்று எழுதுங்கள். நிரல் எழுதுகிறவர்கள் மீதியோடு ஈவையும் சேர்த்துத் திருப்பித் தருகிற மாதிரி எழுதுங்கள். கூடுதலாக ஒரு வரிதான். கரடியூரில் ஒரு கிழவி 'எங்க பூட்டன் காலத்துத் தாது' என்று சொன்னால் அதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.